மனசு ஒப்பாத வேலைக்கு எத்தனை மதிப்பெண்?

மீனம்பாக்கத்தில் குடிநுழைவு அதிகாரி என் கடப்பிதழைப் புரட்டிக்கொண்டே, "எதுக்கும்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டார். "ஒரு கேள்வித்தாளைச் சோதிக்க" என்றேன். "பரீட்சையா? நம்ம பசங்களுக்குக் கொஞ்சம் பாத்துப் போடுங்க" என்று சிரித்து முத்திரையைக் குத்தினார். மூன்று வாரப் பயணத்தில் என் வேலையைத் தவறாகப் புரிந்துகொண்ட முதல் ஆள் அவர். அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். எனக்கே அது சரியாகப் புரிய ஒரு வாரம் ஆயிற்று.

நான் மலேசியாவில், ஈப்போ நகரத்துத் தாதியர் கல்லூரி ஒன்றில் பாடம் நடத்துகிறவள். அதற்கு முன் பதினைந்து ஆண்டுகள் வார்டில் வேலை பார்த்தேன். நோயாளிக்கு எது நல்லது என்று தாதிக்குத் தெரியும். ஆனால் மருத்துவர் உத்தரவோ, குடும்பத்தார் வற்புறுத்தலோ, ஆள் பற்றாக்குறையோ குறுக்கே நிற்க, வேறொன்றைச் செய்ய வேண்டி வரும். அந்த வேதனையை அளப்பதற்கு மேல்நாட்டில் கேள்வித்தாள்கள் செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சுழியம் முதல் நான்கு வரை ஓர் எண்ணை வட்டமிட வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் வேதனையின் அளவு. அப்படி ஒன்றை நான் தமிழாக்கியிருந்தேன். தமிழில் கேட்டாலும் அது அளக்க வேண்டியதைத்தான் அளக்கிறதா என்று பார்க்க வேண்டும். "தமிழிலேயே வேலை நடக்கும் ஆஸ்பத்திரியில் கொடுத்துப் பார்" என்றார் எங்கள் பேராசிரியர். அவருக்குத் தெரிந்த அறக்கட்டளை மருத்துவமனை ஒன்று திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில் இருந்தது. அனுமதியும் கிடைத்தது.

ராயபுரத்தில் பெண்கள் விடுதி ஒன்றில் அறை. ஜன்னலைத் திறந்தால் துறைமுகத்து கிரேன்களின் தலைகள் தெரியும். முதல் நாள் காலை தெருமுனைக் கடையில் போய், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் காலை உணவுக்கே பசியாறல் என்றுதான் பெயர். கடைக்காரர் கலங்கிப்போனார். "இன்னாம்மா, துன்னு ரொம்ப நாளாச்சா? குந்து, குந்து" என்று பெஞ்சைத் துடைத்து, கேட்காமலே இரண்டு இட்லி அதிகம் வைத்து, அதன் மேல் வடகறியை ஊற்றினார். வடையை உதிர்த்துப் பட்டை, சோம்பு மணக்கக் கொதிக்கவைத்த குழம்பு அது. ஈப்போவில் மிஞ்சிய வடைக்கு இவ்வளவு மரியாதை கிடையாது. மறுநாளிலிருந்து 'பசியாற' என்று கேட்பதை விட்டேன். ஆனாலும் அவர் இரண்டு இட்லியைக் குறைக்கவே இல்லை.

பேருந்து திருவொற்றியூர் தாண்டியதும் நின்றுவிட்டது. முன்னால் கன்டெய்னர் லாரிகள், பின்னால் கன்டெய்னர் லாரிகள், வலப்பக்கம் கடல் அரிக்காமலிருக்கக் கொட்டிய கருங்கற்கள், அதற்கப்பால் கடல். எங்கள் ஊரில் பேருந்து ஐந்து நிமிடம் தாமதித்தால் எல்லாரும் கைக்கடிகாரத்தைப் பார்ப்போம். இங்கே பாதிப் பேர் இறங்கிப்போய் டீ குடித்துவிட்டு, அதே இருக்கைக்குத் திரும்பி வந்தார்கள். நான் மட்டும் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடத்துனர் பார்த்தார். "இன்னாம்மா, தண்ணிய யாரும் புடுங்கிக்க மாட்டாங்கோ. எறங்கி ஒரு டீ சாப்ட்டு வா. வண்டி எங்கியும் போவாது." போனேன். டீ நன்றாக இருந்தது. வண்டி எங்கேயும் போகவில்லை.

மருத்துவமனை இரண்டு மாடி. கடல் காற்றும் லைசால் வாடையும் எங்கிருந்தோ வரும் உரத் தொழிற்சாலைக் காட்டமும் ஒன்றாகக் கலந்து வந்தன. மத்தியானம் இரண்டு மணிக்கு, வேலை முறை மாறும் நேரத்தில், பன்னிரண்டு செவிலியர் வகுப்பறையில் கூடினார்கள். தாள்களைக் கொடுத்தேன். தலைப்பைப் படித்ததும், பேனா எடுத்த ஒருத்தி அதை மூடி வைத்தாள்.

வார்டு பொறுப்பாளர் புஷ்பா எழுந்து நின்றார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கஞ்சி போட்டு இஸ்திரி போட்ட வெள்ளைப் புடவை.

"மேடம், தாதின்னு போட்டுகீறீங்க. நாங்க இன்னா, அரண்மனைல கால் அமுக்கறவங்களா? அது போவட்டும். ஒழுக்க வேதனைன்னு போட்டுகீறீங்களே, எங்க ஒழுக்கத்துல இன்னா கொறச்சல் கண்டுட்டீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் நாற்காலிகள் நகர்ந்தன. இரண்டு நிமிடத்தில் அறையில் நானும் பன்னிரண்டு வெற்றுத் தாள்களும் மட்டும்.

அந்தத் தலைப்பை ஈப்போவில் இரண்டு பேராசிரியர்கள் பார்த்துச் சரியென்று சொல்லியிருந்தார்கள். வேறொருவரிடம் கொடுத்துத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குத் திருப்பவும் செய்தோம். மூலத்தில் இருந்த 'மாரல் டிஸ்ட்ரெஸ்' என்ற சொல்லே பிசகாமல் திரும்பி வந்தது. போகும்போதும் வரும்போதும் சரியாக இருந்த சொல், நடுவில் ஒரு மனிதர் மேல் பட்டதும் அவமானமாகிவிட்டது. அன்று திரும்பும்போது பேருந்து எங்கேயும் நிற்காமல் பறந்தது. எனக்குத்தான் எங்கேயாவது ஒரு மணி நேரம் நின்றால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கே வார்டுக்குப் போய்விட்டேன். புஷ்பா என்னைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஒரு கிழவரின் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார். துணைக்கு ஆள் இல்லை. நான் பையை ஜன்னலில் வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றேன். கிழவரை மெல்ல என் பக்கம் சாய்த்துப் பிடித்தேன். புஷ்பா அழுக்கு விரிப்பைச் சுருட்டினார். புது விரிப்பை நான் இழுத்து மூலையை மடித்துச் செருகினேன். அடுத்த படுக்கைக்கும் போனோம். நான்காவது படுக்கையில்தான் புஷ்பா பேசினார்.

"நீங்களும் நர்ஸா?"

"பதினஞ்சு வருஷம் பார்த்தேன்."

"அத்த மொதல்ல சொல்றதுக்கு இன்னா?"

ஸ்டோர் அறையில் எனக்கு டீ கிடைத்தது. "கோச்சிக்காதீங்க மேடம்" என்றார் புஷ்பா. "என் தங்கச்சியும் நர்ஸ்தான். மூணு வாட்டி பொண்ணு பாத்துட்டுப் போனாங்க. நைட் டூட்டின்னு சொன்னதும் வாய மூடிகினு சிரிச்சானுங்க. எங்களுக்கு ஒழுக்கங்கற வார்த்தைன்னா உள்ள எரியும். நீங்க அத்தயே பெருசா தலைப்புல போட்டு எத்துகினு வந்துட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். பிறகு நான் அளக்க வந்தது என்ன என்பதைச் சுற்றி வளைக்காமல் சொன்னேன். இது சரியில்லை என்று உள்ளே தெரிந்தும், செய்துதான் ஆகவேண்டிய வேலை. அதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

புஷ்பா டீயை ஒரு வாய் குடித்தார். யோசிக்கக்கூட இல்லை. "மன்சு ஒப்பாம செய்றது. வேற இன்னா?"

அன்று மாலை ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து தலைப்பை 'செவிலியரும் மனம் ஒப்பாத வேலையும்' என்று மாற்றினேன். என் பிளாப்பியில் இருந்த தமிழ் எழுத்துரு அவர்கள் கணினியில் இல்லை. திரை முழுக்கக் கட்டங்களும் கேள்விக்குறிகளும். கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்து, "ஜோசியக் கட்டமா மேடம்?" என்றாள். நான்கு பக்கத்தையும் அவள் எழுத்துருவில் முதலிலிருந்து அடித்தேன்.

அடுத்த இரண்டு நாள்கள் தனித்தனியாகப் பேச்சு. செவிலியர் ஒரு கேள்வியைப் படித்து, என்ன புரிகிறது, ஏன் அந்த எண்ணைப் போடுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக வந்தவள் தேசராணி. முகத்துவாரக்குப்பத்துப் பெண். அண்ணன்மார் கடலுக்குப் போகிறவர்கள், அம்மா மீன் விற்கிறவர். குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளத்துக்குப் போனவள் அவள்தான். எந்தக் கேள்வியையும் சத்தமாகச் செய்தி வாசிப்பதுபோல் படித்தாள்.

"'பயனில்லை என்று தெரிந்தும் உயிர்காக்கும் கருவிகளைத் தொடர்வது எவ்வளவு உறுத்துகிறது?' மேடம், எங்ககிட்ட கருவின்னு கீறது ஒரு சக்ஷன் மெஷின். அதுவும் ஒரு தட்டு தட்டினாத்தான் ஓடும். ஜீரோ." அடுத்ததும் சுழியம். அதற்கடுத்ததும். அவளிடம் இல்லாத கருவிகள், இல்லாத நிபுணர்கள், இல்லாத நெறிமுறைக் குழு. கடைசிப் பக்கம் முடிந்தபோது கூட்டுத்தொகையும் சுழியம். என் அளவுகோல்படி, உலகத்திலேயே நிம்மதியான செவிலி இவள்தான்.

பேனாவைத் திருப்பிக் கொடுத்தவள் எழுந்திருக்கவில்லை.

"எழுதறத பத்தி ஒண்ணியும் கேக்கலியே மேடம்?"

"எதை எழுதுறது?"

"கேஸ் ஷீட்டுல." குரல் இறங்கியது. "ரெண்டு மாசம் முன்னால ஒருத்தர இட்டாந்தாங்க. காண்ட்ராக்ட் வேலைக்காரரு. முழங்கை வரைக்கும் வெந்து கீது. எந்தப் பட்டறைன்னு கேட்டேன். கூட வந்த கம்பெனி ஆளு, வூட்ல வெந்நி கொட்டிக்கிச்சு, அப்டியே எழுதுங்கன்னாரு. டாக்டர் ஒண்ணும் சொல்லல. நான் எழுதிட்டேன். அப்பால அவர் சம்சாரம் வந்து நின்னுச்சு. நஷ்டஈட்டுக்குக் கேஸ் போடப் போனா நம்ம சீட்டத்தான் காட்டச் சொல்றாங்களாம். 'வூட்ல அன்னிக்கு அடுப்பே பத்தவெக்கலம்மா'ன்னு அழுவுது. என் கையெழுத்து மேடம். நல்லா குண்டுகுண்டா எழுதுவேன். யாரு வேணா படிக்கலாம்."

நான் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. பிறகு மற்றவர்களிடமும் கேட்டேன். ஏறக்குறைய எல்லாரிடமும் இப்படி ஒரு தாள் இருந்தது.

அந்த வாரக் கடைசியில் புஷ்பாவும் தேசராணியும் இன்னும் இருவரும் ஸ்டோர் அறையில் என்னோடு உட்கார்ந்து கேள்வித்தாளைப் பிரித்துப் போட்டார்கள். கருவிக் கேள்விகள் போயின. எண்களுக்கு எதிரே இருந்த 'லேசாக', 'கொஞ்சம்' இரண்டும் ஒன்றுதான் என்று ஒன்றை அடித்து வேறு சொல் போட்டார்கள். 'நடந்ததை நடந்தபடி எழுத முடியாமல் போனது' என்ற கேள்வி சேர்ந்தது. நோயாளியிடம் உண்மையை மறைக்கும்படி வீட்டார் சொல்வது பற்றிய கேள்வியை மட்டும் எல்லாரும் அப்படியே வைக்கச் சொன்னார்கள்.

புறப்படும்போது புஷ்பா கேட்டார்: "நீங்க இதுல எவ்ளோ வாங்கினீங்க?"

நான் அதை நிரப்பியதே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை கடற்கரை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் பர்மாவிலிருந்து வந்த குடும்பம் ஒன்று நடத்தும் வண்டிக்கடைக்குப் போனேன். அத்தோ என்று ஒரு பண்டம். மஞ்சள் நூடுல்ஸை முட்டைக்கோஸ், வறுத்த வெங்காயம், புளித்தண்ணீர், மிளகாய்த்தூளோடு கையாலேயே பிசைந்து தருகிறார்கள். எங்கள் ஊர் மீ கோரெங் நூடுல்ஸ் வாணலியில் வெந்து வரும். இது வாணலியையே பார்ப்பதில்லை. கடைக்காரர் மனைவியிடம் பர்மிய மொழியில் ஏதோ சொன்னார். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எனக்கு விளக்கினார்: "இந்தம்மா முகத்தைப் பார்த்தால் இன்னொரு தட்டு கேட்கும், முட்டையை உரித்து வை என்கிறார்." கேட்கத்தான் செய்தேன்.

வயிறு நிறைந்த தைரியத்தில் விடுதியில் உட்கார்ந்து கேள்வித்தாளை நிரப்ப ஆரம்பித்தேன். வீட்டார் உண்மையை மறைக்கச் சொல்லும் கேள்வியில் பேனா நின்றது. ஈப்போவில் ஒரு பெண்மணி. கடைசி வாரத்தில் மூன்று முறை என் கையைப் பிடித்து, வீட்டுக்கு எப்போது போகலாம் என்று கேட்டார். மகன் வாசலில் நின்று சொல்ல வேண்டாமென்று தலையசைக்க, மூன்று முறையும் "அடுத்த வாரம்" என்று சொன்னேன். அதை மறந்து பல வருடம் ஆயிற்று என்றுதான் நினைத்திருந்தேன். நான்கை வட்டமிட்டேன். விசித்திரமாக, அதன் பிறகு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

திங்கட்கிழமை பன்னிரண்டு பேரும் புதுத் தாளை நிரப்பினார்கள். யாரும் எழுந்து போகவில்லை. பத்து நாள் கழித்து இதையே மறுபடியும் நிரப்பச் சொல்வேன் என்றேன். இரண்டு முறையும் ஏறக்குறைய ஒரே பதில் வந்தால்தான் அளவுகோல் நம்பத்தக்கது.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு ஆட்டோவில் ஒருவரை இறக்கினார்கள். முப்பது வயதுக்காரர். வலது கையைத் துண்டால் சுற்றியிருந்தார்கள், துண்டு நனைந்திருந்தது. கூட வந்தவர் மடிப்புக் கலையாத சட்டை போட்டிருந்தார்.

"மாடிப்படில வழுக்கி வுழுந்துட்டாரு" என்றார் அவர்.

தேசராணி துண்டை அவிழ்த்தாள். படியில் விழுந்த கை அப்படி இருக்காது. இரண்டு விரல்கள் தட்டையாகியிருந்தன. பதினைந்து வருடம் பார்த்தவள் நான், எனக்கும் தெரிந்தது. ஆனால் நான் அங்கே விருந்தாளி, அதிலும் அளக்க வந்தவள். ஜன்னலோரமாகவே நின்றேன்.

"அண்ணே, எப்டி ஆச்சு?" என்று அவரையே கேட்டாள். அவர் மடிப்புச் சட்டைக்காரரைப் பார்த்தார்.

தேசராணி கையுறையை மாட்டிக்கொண்டே சொன்னாள்: "சார், டிரெஸ்ஸிங் ரூமுக்குள்ள செருப்போட நிக்கக் கூடாது. வெளிய இருங்க." அவர் குனிந்து தன் காலைப் பார்த்துவிட்டு வெளியே போனார். அவள் கதவை முக்கால்வாசி சாத்தினாள்.

"இப்ப சொல்லுண்ணே."

"தகடுமா" என்றார் அவர். "இரும்புத் தகடு. கொக்கி வுட்டுச்சு."

காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு, தாளை எடுத்து உட்கார்ந்தாள். பேனா கொஞ்ச நேரம் தாளின் மேலேயே நின்றது. புஷ்பா எப்போது வந்தார் என்று தெரியவில்லை. அவள் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தார். "ரெண்டையும் எழுதுடி" என்றார் மெதுவாக. "கூட வந்தவரு சொன்னது இன்னது. பேஷண்ட் சொன்னது இன்னது. நாம எத்தயும் கண்டுபுடிக்க வேணாம்."

குண்டு எழுத்தில் அவள் இரண்டு வரிகள் எழுதினாள். கீழே புஷ்பாவும் கையெழுத்திட்டார்.

டூட்டி டாக்டர் வந்து படித்தார். இளைஞர். "இது எதுக்கு சிஸ்டர் வம்பு?" என்றார்.

"சொன்னதத்தான் எழுதிகீறா டாக்டர். வம்பு எங்க கீது, காட்டுங்க."

அவர் மறுபடியும் படித்தார். பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். போகும்போது அவர் நடையில் கொஞ்சம் துள்ளல் இருந்ததுபோல் எனக்குப் பட்டது.

மடிப்புச் சட்டைக்காரர் நேரே தலைமைச் செவிலியான மேட்ரனின் அறைக்குப் போனார். கால்மணி நேரத்தில் தேசராணிக்கும் புஷ்பாவுக்கும் ஆள் வந்தது. நான் வராந்தாவில் காத்திருந்தேன். வேலை போய்விடுமோ, நான் வந்ததால்தான் இதெல்லாமோ என்று என்னென்னவோ ஓடியது. அரைமணி கழித்து இருவரும் வந்தார்கள். தேசராணியின் மூக்கு சிவந்திருந்தது, ஆனால் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா ஆச்சுன்னா மேடம்," என்றார் புஷ்பா, "மேட்ரன் அம்மா அந்தத் தாள ரெண்டு வாட்டி படிச்சாங்க. அந்தாளாண்ட, 'நீங்க சொன்னதும் இதுல கீதே, அப்பால இன்னா'ன்னு கேட்டாங்க. அவரு பேஜாராயி எழுந்து போய்ட்டாரு. எங்கள நிக்க வெச்சு, ஏன் முன்னாடியே சொல்லலன்னு ஒரு வாங்கு வாங்கினாங்க. இனிமே எல்லாத் தாள்லயும் ரெண்டு கட்டமாம். இட்டாந்தவரு சொன்னது, பேஷண்ட் சொன்னது."

அடுத்த ஞாயிறு தேசராணி வீட்டில் சாப்பாடு. முகத்துவாரத்தில் ஆறு கடலில் கலக்கும் இடத்தில், அனல்மின் நிலையப் புகைபோக்கிகளைப் பார்த்தபடி ஒரு சிமெண்ட் வீடு. ஷேர் ஆட்டோவில் ஆறு பேர் போகும் இடத்தில் பதினொரு பேர் போனோம். என் மடியில் யாருடைய மீன் கூடையோ வந்தது. அவள் அம்மா நெத்திலி வறுத்து, கணவாயை, அவர்கள் பேச்சில் கடம்பாவை, மிளகு போட்டுச் சுண்டவைத்திருந்தார். எங்கள் ஊரில் அதற்குச் சோத்தோங் என்று பெயர் என்றேன். "பேரு இன்னாவா இருந்தா இன்னா, ரப்பராட்டம் ஆவாம எறக்கணும். அவ்ளோதான்" என்றார். வீட்டில் யாரும் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுக்கவில்லை. மூன்று முறை சோறு போட்டார்கள்.

மூன்றாவது வாரம் வியாழக்கிழமை மறுபடியும் தாள்களைக் கொடுத்தேன். பேனாக்கள் சரசரவென்று ஓடின. தேசராணி மட்டும் ஒரு கேள்வியில் நின்று கையைத் தூக்கினாள்.

"மேடம், எழுதற கேள்வி. அந்த வெந்த கைக்கு இன்னிக்கும் நாலுதான். இந்த நசுங்கின கைக்கு ஜீரோ. எத்த போடறது?"

விதிப்படி நான் பதில் சொல்லக் கூடாது. "இப்போ உன் மனசுல இருக்கிறதை" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு இரண்டை வட்டமிட்டாள்.

மாலையில் கணக்குப் போட்டேன். மற்றக் கேள்விகளுக்கு இரண்டு முறையும் பதில் ஒத்து வந்தது. அந்த ஒரு கேள்வியில் மட்டும் பெரும்பாலானோரின் எண் இறங்கியிருந்தது. ராயபுரத்தில் விடுதிக்கு எதிரே இருந்த எஸ்டிடி பூத்திலிருந்து பேராசிரியரைக் கூப்பிட்டேன்.

"அந்தக் கேள்வி நிலையாக இல்லை. எடுத்துவிடலாம்" என்றார்.

"முடியாது சார். கேள்வி நிலையாகத்தான் இருக்கு. நடுவுல நிலைமை மாறிடுச்சு." டிரெஸ்ஸிங் அறை, இரண்டு வரி, மேட்ரன், இரண்டு கட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். "வேதனை குறைஞ்சா எண்ணும் குறையணும் இல்லையா? குறைஞ்சிருக்கு. அளவுகோல் வேலை செய்யுது. இதைப் போய் எடுத்துவிடச் சொல்றீங்களே!" என் குரல் எவ்வளவு ஏறிவிட்டது என்பது எனக்கே தெரியவில்லை. பேராசிரியர், "சரி, சரி. இதை அப்படியே எழுதிக் கொண்டு வாருங்கள். கத்த வேண்டாம்" என்றார்.

ரிசீவரை வைத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்து வெளியே வந்தேன். பூத்தை நடத்துகிற அம்மா பூ கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாருக்கும்மா வேதன கொறஞ்சுது?"

"ஒரு நர்ஸுக்கு. திருவொற்றியூர் தாண்டி."

"நல்ல சேதிதானே?"

"ஆமா."

"அத்த சொல்றதுக்கா இம்மா நேரம் சண்ட போட்டே?" என்று கேட்டுவிட்டு, ஒரு முழம் பூவைக் கிள்ளி என் கையில் வைத்தார்.